ஓட்டையை அடைக்காமல் ஏன் குழாய் வைத்தார்கள்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அக்காவுக்கு எடை குறைப்பதற்காக ஸ்லீவ் ஆபரேஷன், அதாவது இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கிற ஆபரேஷன், நடந்திருக்கிறது. நல்லபடியாக வீட்டுக்கு வந்தவருக்கு 9-ம் நாள் காய்ச்சல், இடது தோள்பட்டையில் வலி, படபடப்பு. சிடி ஸ்கேனில் பார்த்தால் தையல் ஓரத்தில் லீக், அதை ஒட்டிச் சீழ் தேங்கிய ஒரு குழி. மறுபடி வயிற்றைத் திறந்து தைப்பார்கள் என்று நினைத்தீர்கள். அவர்களோ வாய் வழியாக எண்டோஸ்கோப்பை (நுனியில் கேமரா உள்ள வளைகிற குழாய்) விட்டு, அந்த ஓட்டைக்குள்ளேயே இரண்டு சின்னச் சுருள் குழாய்களைச் செருகி, மூக்கு வழியாகச் சிறுகுடல் வரைக்கும் ஓர் உணவுக் குழாயும் வைத்து, ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்கிறார்கள். ஓட்டையை மூடவே இல்லையே, இன்னும் திறந்துதானே வைத்திருக்கிறார்கள், வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாமா என்று கேட்கிறீர்கள்.

செய்திருப்பது சரியான வைத்தியம்தான். ஸ்கேனையோ ரிப்போர்ட்டையோ நான் பார்க்கவில்லை, அதனால் உங்கள் அக்காவுக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் பல வருடமாக எண்டோஸ்கோபி அறையில் இதையே பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில், ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதை விளக்க முடியும். அது புரிந்துவிட்டால் அடுத்த இரண்டு மூன்று மாதத்தை இவ்வளவு பயத்தோடு கழிக்க வேண்டியதில்லை.

தொடையிலோ முதுகிலோ பெரிய கட்டி பழுத்துவிட்டால் டாக்டர் என்ன செய்கிறார்? கீறி, சீழை வழித்தெடுத்து, குழிக்குள் துணித் திரி வைத்து அனுப்புகிறார். மேல்தோலைத் தைத்து மூடுவதில்லை. மூடினால் இரண்டே நாளில் உள்ளே மறுபடி சீழ் கோர்த்துக்கொள்ளும். வாய் திறந்தே இருக்க வேண்டும், அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வர வேண்டும், கடைசியாகத்தான் தோல் மூட வேண்டும் என்பது நம் பாட்டிகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம். உங்கள் அக்காவின் வயிற்றுக்குள் நடப்பதும் இதுதான், கட்டியின் வாய் தோல் பக்கம் இல்லாமல் இரைப்பைப் பக்கம் இருக்கிறது, அவ்வளவே. அந்தச் சுருள் குழாய் திரியின் வேலையைச் செய்கிறது.

அப்படியானால் திறந்து தைத்தால் என்ன? ஆபரேஷன் முடிந்து ஓரிரு நாளுக்குள் கண்டுபிடித்தால் சில சமயம் தைக்கலாம். 9-ம் நாள் அந்த இடம் வேறு மாதிரி இருக்கும். சீழில் ஊறி, வீங்கி, தொட்டால் ரத்தம் கசிகிற சதை. நனைந்த அட்டைப்பெட்டியில் ஊசி நூலால் தைத்துப் பாருங்கள், நூலை இழுத்தவுடன் அட்டை கிழிந்துகொண்டு வரும். இருந்ததைவிடப் பெரிய ஓட்டையாகிவிடும். இந்தக் கட்டத்தில் வயிற்றைத் திறக்கிறார்கள் என்றால் பெரும்பாலும் தைப்பதற்காக இல்லை, வயிறு முழுக்கச் சீழ் பரவி ரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருக்கிற ஆளைக் காப்பாற்றக் கழுவி, டிரெயின் (சீழை வெளியே வடிக்கிற குழாய்) வைப்பதற்காக. அப்படிப்பட்டவரை எண்டோஸ்கோபி அறையில் வைத்துக்கொண்டு நேரம் கடத்தக் கூடாது, நேராகத் தியேட்டருக்குத்தான் அனுப்ப வேண்டும். சீழ் ஒரே இடத்தில் அடங்கியிருக்கிறது, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் கைக்குள் இருக்கின்றன என்றால்தான் எங்கள் முறை.

ஸ்லீவில் ஏன் லீக் ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் வைத்தியத்தின் பாதி இருக்கிறது. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழத்தின் அளவுக்குக் குழாயாக ஸ்டேப்ளர் போட்டு விடுகிறார்கள். உணவுக்குழாயிலிருந்து கீழே வரை நீளமான தையல் வரிசை. லீக் ஆவது பெரும்பாலும் அந்த வரிசையின் மேல் முனையில், உணவுக்குழாய் இரைப்பையைச் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில். அங்கே ரத்த ஓட்டமும் குறைவு, சுவரும் மெல்லிசு. அதற்கு மேல் இன்னொரு சங்கடம்: இரைப்பையின் கீழ் வாயில் ஒரு இறுக்குத்தசை இருக்கிறது, ஸ்லீவில் அதைத் தொடுவதில்லை. ஆக, குறுகின குழாய், கீழே பாதி மூடின கதவு, உள்ளே அழுத்தம் ஏறத்தான் செய்யும். நடுவில் இரைப்பை வளைகிற இடம் சுருங்கியோ முறுக்கிக்கொண்டோ இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கண்மாயில் மதகு அடைத்துக்கொண்டு தண்ணீர் போக வழியில்லை என்றால் கரையில் எங்கே பலவீனமோ அங்கே உடைப்பெடுக்கும். உடைப்பில் எத்தனை மூட்டை மண் போட்டாலும் மதகைத் திறக்காதவரை நிற்காது. அதனால்தான் நல்ல எண்டோஸ்கோபி டாக்டர் ஓட்டையைப் பார்த்ததோடு நிற்காமல் அதற்குக் கீழே சுருக்கம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பலூன் வைத்து விரித்தும் விடுவார். உங்கள் அக்காவின் ரிப்போர்ட்டில் கீழே சுருக்கம் உண்டா இல்லையா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள். என்னைக் கேட்டால் இதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இனி அந்தச் சுருள் குழாய். பிக்டெயில் ஸ்டென்ட் என்பார்கள், இரண்டு முனையும் பன்றிவால் மாதிரி சுருண்டிருப்பதால். பேனா ரீஃபிள் தடிமன் இருக்கும், பிளாஸ்டிக், பக்கவாட்டில் ஓட்டைகள் உண்டு. எண்டோஸ்கோப்பை ஓட்டை வரை கொண்டுபோய், மெல்லிய கம்பி ஒன்றைச் சீழ்க்குழிக்குள் விட்டு, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே அந்தக் கம்பியின் மேல் குழாயை ஓட்டுகிறோம். ஒரு சுருள் குழிக்குள், மறு சுருள் இரைப்பைக்குள். கம்பியை உருவியதும் இரண்டு பக்கமும் சுருண்டு நின்றுகொள்ளும். சில சமயம் அந்த நொடியே குழாயை ஒட்டி மஞ்சளாய்ச் சீழ் இரைப்பைக்குள் வழிவதைப் பார்க்கலாம். அந்தச் சீழ் இரைப்பைக்குள் வந்தால் ஆபத்தில்லையா என்று எல்லோரும் கேட்பார்கள். இல்லை, இரைப்பையிலிருந்து குடலுக்குப் போய் வெளியேறிவிடும். தேங்கி நிற்பதுதான் ஆபத்து. குழி காலியாகக் காலியாகச் சுவர்கள் நெருங்கி வரும், குழாய் உறுத்துவதால் சுற்றிலும் புதுச் சதை வளரும். நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை பார்த்து, குழி சின்னதாகியிருந்தால் அதற்கேற்ற குழாய்க்கு மாற்றுவார்கள். பலருக்கு இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டி வரும், மாதக்கணக்கில்தான் முடியும். இந்த முறையைப் பெரிதாக வளர்த்தவர்கள் பாரிஸ் எண்டோஸ்கோபி டாக்டர்கள். இதன் பெரிய நன்மை, நோயாளி வீட்டில் இருக்கலாம், நடக்கலாம், உள்ளே குழாய் இருப்பதே பலருக்குத் தெரியாது.

குழி பெரியது, உள்ளே அழுகின திசு நிறைய இருக்கிறது என்றால் எனக்குப் பிடித்தது ஸ்பாஞ்ச் முறைதான். ஜெர்மனியில் 2000-களின் தொடக்கத்தில் மலக்குடல் ஆபரேஷனுக்குப் பிறகு வரும் லீக்குகளுக்காக ஆரம்பித்தது, பிறகு உணவுக்குழாய்க்கும் இரைப்பைக்கும் வந்தது. சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணில் ஸ்பாஞ்ச் வைத்து மெஷினால் உறிஞ்சுவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான், வயிற்றுக்குள். மூக்கு வழியாக ஒரு ரைல்ஸ் டியூபை (மூக்கிலிருந்து இரைப்பைக்குப் போகிற சாதாரண பிளாஸ்டிக் குழாய்) விட்டு அதன் முனையை வாய் வழியாக வெளியே எடுத்து, குழியின் அளவுக்குக் கத்தரியால் செதுக்கிய ஸ்பாஞ்சை அதில் பட்டு நூலால் கட்டுகிறோம். நுனியில் நூலை ஒரு சின்ன வளையமாக விட்டு, எண்டோஸ்கோப் வழியாக வந்த கிடுக்கியால் அந்த வளையத்தைப் பிடித்துக்கொண்டு, ஸ்கோப்பும் ஸ்பாஞ்சுமாகச் சேர்ந்தே தொண்டையைத் தாண்டிக் கீழே போய்க் குழிக்குள் வைத்துவிட்டு வருவோம். வெளியே மெஷினில் மைனஸ் 125 மில்லிமீட்டர் பாதரசம் அளவுக்கு உறிஞ்சல் வைத்ததும் ஸ்பாஞ்ச் சுருங்கிக் குழியின் சுவர்களையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அதற்கு மேல் விட்டால் சதை ஸ்பாஞ்சின் துளைகளுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும், எடுக்கும்போது ரத்தம் வரும்.

முதல் மாற்றத்தில் சாம்பலும் பச்சையுமாக, நாற்றத்தோடு இருந்த குழி, மூன்றாவது மாற்றத்தில் மாதுளை முத்து மாதிரி சிவந்து, சின்னச் சின்ன மணியாகச் சதை விட்டிருக்கும். அதைத் திரையில் பார்க்கிறபோது அறையிலிருக்கிற எல்லோருக்கும் ஒரு நிம்மதி வரும். நோயாளிக்குத்தான் கஷ்டம், வாரக்கணக்கில் மூக்கில் குழாய், ஆஸ்பத்திரிப் படுக்கை, திரும்பத் திரும்ப மயக்க மருந்து. பெரிய ரத்தக்குழாய் ஒட்டிய குழியில் வைக்கவும் பயப்பட வேண்டும், அரிப்பு ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்தான ரத்தப்போக்கு வரலாம். செலவும் உண்டு. பிரேசிலில் இதைக் குறைக்க ஸ்பாஞ்சுக்குப் பதில் சாதாரண ரைல்ஸ் டியூபைச் சுற்றி காஸ் துணியும் ஒட்டுப்படலமும் சுற்றி, சுவரில் இருக்கிற சக்ஷனிலேயே மாட்டி வேலை செய்து காட்டியிருக்கிறார்கள். நம் மாதிரி நாடுகளுக்கு அது ரொம்ப முக்கியமான வேலை என்று நினைக்கிறேன்.

இன்னொரு வழி, உலோக ஸ்டென்ட். ஸ்டென்ட் என்றதும் இதய ஸ்டென்ட் நினைவுக்கு வரும். இது அதைவிட ரொம்பப் பெரிசு, விரல் தடிமனுக்கு மேல் விரிகிற உலோக வலைக்குழாய், மேலே பிளாஸ்டிக் உறை. ஓட்டைக்கு முன்னால் நிறுத்தி எச்சிலும் சாப்பாடும் ஓட்டைப் பக்கம் போகாமல் தள்ளிவிடும். கேட்க அழகாக இருக்கிறது, நாங்களும் ஒரு காலத்தில் எல்லோருக்கும் இதையே வைத்தோம். ஆனால் உறை போட்ட ஸ்டென்ட் வழுக்கும். நாலைந்து பேரில் ஒருவருக்காவது இடம் மாறிவிடும், ஸ்லீவ் போன்ற வளைந்த இடத்தில் இன்னும் அதிகம். நெஞ்சு வலி, குமட்டல், எதுக்களிப்பு என்று நோயாளிகள் தவித்துப் போவார்கள். ஸ்டென்ட் வெளியே இருக்கிற சீழை எடுக்காது, அதற்குத் தனியாக டிரெயின் வேண்டும். டிரெயின் இல்லாமல் ஸ்டென்ட் மட்டும் வைத்தால் கட்டியின் வாயை மூடிவிட்டு உள்ளே சீழை விட்ட கதைதான். கூடவே ஸ்லீவில் சுருக்கமும் இருந்தால், ஸ்டென்ட் அதையும் விரித்துக் கொடுக்கும் என்பதால் அங்கே அதற்கு நல்ல இடமிருக்கிறது. உள்ளே வைத்தவர்கள் எடுக்க வேண்டிய தேதியை மறக்கவே கூடாது, நாலு முதல் எட்டு வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும்.

க்ளிப், பசை இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கரடிப்பொறி மாதிரி பல்லுள்ள பெரிய க்ளிப் ஒன்று ஜெர்மனியிலிருந்து வந்தது, ஸ்கோப்பின் நுனியில் மாட்டிக்கொண்டு போய் ஓட்டையின் இரண்டு ஓரத்தையும் உள்ளே உறிஞ்சிக் கவ்விவிடலாம். எண்டோஸ்கோபி செய்யும்போதே தவறி விழுந்த புது ஓட்டைக்கு அற்புதமான சாதனம், ஏனென்றால் அங்கே ஓரங்கள் ஆரோக்கியமாக இருக்கும், சீழும் இருக்காது. உங்கள் அக்காவுக்கு இருப்பது மாதிரியான ஓட்டையில் அதைப் போட்டால் பெரும்பாலும் நிற்காது, கவ்வுவதற்கு அங்கே நல்ல சதை இல்லை.

ஓட்டையைத் தொடாமலே லீக்கை ஆற வைக்கலாம் என்பதற்கு இன்னும் தெளிவான உதாரணம் பித்தநீர் லீக். பித்தப்பை ஆபரேஷனுக்குப் பிறகு, வெட்டிக் கட்டிய அடிக்குழாயிலிருந்து பித்தநீர் கசியும். பித்தநாளம் குடலில் திறக்கிற இடத்தில் ஒரு இறுக்குத்தசை காவல் காக்கிறது. பித்தநீருக்கு அந்தக் காவலைத் தாண்டுவதைவிட லீக் வழியாக வெளியேறுவது சுலபம், அதனால் கசிந்துகொண்டே இருக்கும். ஈஆர்சிபி, அதாவது வாய் வழியாக எண்டோஸ்கோப்பைக் குடல் வரை விட்டுப் பித்தநாளத்துக்குள் நுழைகிற முறை, செய்து அந்தத் தசைக்குக் குறுக்கே ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்டை வைத்துவிட்டால் நீர் குடலுக்குள் வடிய ஆரம்பிக்கும், மேலே கசிவு தானாக வற்றி ஆறிவிடும். ஸ்டென்ட் லீக் இருக்கிற இடம் வரைக்கும்கூடப் போக வேண்டியதில்லை. ஒன்று சொல்ல வேண்டும், முக்கியப் பித்தநாளமே வெட்டுப்பட்டிருந்தால் இது உதவாது, அதற்கு ஆபரேஷன்தான்.

ஃபிஸ்டுலா என்று ஒரு வார்த்தை உங்கள் பேப்பரில் இருப்பதாகச் சொன்னீர்கள். லீக் என்பது புதுசு. அது மாதக்கணக்கில் ஆறாமல் புரையோடி, உள்ளே வழவழப்பான தோல் படிந்து ஒரு நிரந்தரப் பாதையாகிவிட்டால் ஃபிஸ்டுலா. ஆசனவாயில் வரும் பவுத்திரம் எல்லோருக்கும் தெரியும், அதுவும் இந்த ஜாதிதான். தோல் படிந்த பாதை தானாக ஒட்டாது, காது குத்தின ஓட்டை மாதிரி. இதற்கு 200 வருடப் பழைய சாட்சி உண்டு. 1822-ல் அமெரிக்காவின் மேக்கினா தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞருக்குத் துப்பாக்கி வெடித்து இரைப்பையில் ஓட்டை விழுந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் இரைப்பையின் ஓரம் வெளித்தோலோடு ஒட்டி ஆறிவிட்டதால் ஓட்டை மூடவே இல்லை, 1880-ல் சாகும்வரை அப்படியே இருந்தது. அவருக்கு வைத்தியம் பார்த்த வில்லியம் போமான்ட் அந்த ஓட்டை வழியாக உணவை நூலில் கட்டி உள்ளே விட்டு எடுத்துப் பார்த்துத்தான் செரிமானத்தைப் பற்றி நமக்குப் பல விஷயங்கள் தெரியவந்தன.

ஸ்லீவில் நாள்பட்ட குழி நின்றுவிட்டால் பிரேசில் டாக்டர்கள் பழக்கத்துக்குக் கொண்டுவந்த ஒரு வழி இருக்கிறது. குழிக்கும் இரைப்பைக்கும் நடுவில் ஒரு தடுப்புச்சுவர் மாதிரி சதை நிற்கும், எண்டோஸ்கோப் கத்தியால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, குழியையும் இரைப்பையையும் ஒரே அறையாக்கிவிடுவார்கள். பிறகு கீழே இருக்கிற சுருக்கத்தைப் பலூனால் விரிப்பார்கள். ஓட்டையை அடைப்பதற்குப் பதில் அகலமாக்குகிறார்கள், இருந்தும் ஆறுகிறது.

சரி, வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், இதில் கோட்டை விட்டால் மேலே சொன்ன எதுவும் வேலைக்கு ஆகாது. சதை வளர வேண்டுமென்றால் புரதம் வேண்டும். மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கச் சொன்ன உணவை அளவு குறையாமல் கொடுங்கள். ஒவ்வொரு முறைக்குப் பிறகும் 30 மில்லியாவது வெதுவெதுப்பான தண்ணீரைச் சிரிஞ்சில் விட்டுக் கழுவுங்கள். கேழ்வரகுக் கஞ்சியை வடிகட்டாமல் விட்டாலோ, மாத்திரையைக் கரகரப்பாகப் பொடித்து விட்டாலோ குழாய் அடைத்துவிடும், மறுபடி எண்டோஸ்கோபி செய்துதான் மாற்ற வேண்டும். வாயால் எப்போது, எதைச் சாப்பிடலாம் என்பதை அவர்கள் சொல்லட்டும், பாவமாக இருக்கிறதே என்று நீங்களாக இரண்டு வாய் ரசம் சாதம் ஊட்டிவிடாதீர்கள்.

இன்னொன்று, பலர் மறந்துவிடுவது, தயாமின் என்ற வைட்டமின் பி1. ஸ்லீவ் ஆன பிறகு சாப்பிடாமல், வாந்தியும் இருந்தால் சில வாரத்தில் இது தீர்ந்துபோகும். பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது இதெல்லாம் வந்தால் காத்திருக்காதீர்கள், மூளையில் நிரந்தரப் பாதிப்பு வந்துவிடும். தயாமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் இன்னும் மோசமாகும். அக்காவுக்கு தயாமின் போகிறதா என்று நாளைக்கே கேளுங்கள்.

காய்ச்சல் திரும்ப வந்தாலோ, ஓய்வில் நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ ராத்திரி எத்தனை மணியானாலும் கிளம்பிவிடுங்கள். தண்ணீர் குடித்ததும் இருமல் வந்து, குடித்ததே சளியோடு வருகிற மாதிரி இருந்தால், பாதை மேலே நுரையீரல் வரைக்கும் போயிருக்கலாம், அதையும் உடனே சொல்ல வேண்டும். வயிற்றுக்கு வெளியே டிரெயின் குழாய் இருந்தால் அதில் தினமும் எவ்வளவு, என்ன நிறத்தில் வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உள்குழாய் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்ததும் வெளி டிரெயினைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இழுத்து எடுப்பார்கள். அதன் நுனி ஓட்டையிலேயே உட்கார்ந்திருந்தால் அதுவே ஓட்டையை மூடவிடாது.

வேறு ஆஸ்பத்திரி வேண்டுமா என்றால், இப்போது இருக்கிற இடத்தில் ஆபரேஷன் செய்த டாக்டர், இந்த மாதிரி எண்டோஸ்கோபி அடிக்கடி செய்கிறவர், ஊசி வழியாக டிரெயின் வைக்கத் தெரிந்த ஸ்கேன் டாக்டர் மூன்று பேரும் பேசிக்கொள்கிறார்கள் என்றால் மாற வேண்டாம். ஒருவர் சொல்வது மற்றவருக்குத் தெரியவில்லை என்றால் மாறலாம், ஆனால் எல்லா சிடி படங்களையும், ஆபரேஷன் குறிப்பையும், உள்ளே என்ன குழாய் எந்தத் தேதியில் வைத்தார்கள் என்ற விவரத்தையும் வாங்கிக்கொண்டு போங்கள்.

குழாய்களை எடுக்கிற நாளில் என்ன பார்ப்போம் என்றும் கேட்டிருந்தீர்கள். முதலில் சாய மருந்தைக் குடிக்க வைத்து எக்ஸ்ரேயில் பார்ப்போம், வெளியே எங்கும் போகாமல் நேராகக் கீழே இறங்க வேண்டும். பிறகு ஸ்கோப்பை விட்டு, சுருளைக் கிடுக்கியால் பிடித்து மெதுவாக இழுத்து எடுப்போம். முன்பு ஸ்கோப்பின் நுனியே உள்ளே போகிற அளவுக்கு இருந்த இடத்தில், கன்னக்குழி மாதிரி ஒரு சின்னப் பள்ளம் மட்டும் இருக்கும்.